பிரியப்போற தம்பதிகிட்ட வீடு வாங்கறப்போ சர்வே, இன்ஸ்பெக்‌ஷன்: தாம்பரம் பக்கம் ஒரு டீம் பத்தின ரிவ்யூ (5க்கு 4)

மார்க்கை முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4. ஒரு மார்க் எங்க போச்சுன்னு கீழ வரும். டீம்னா பெரிய கம்பெனி எல்லாம் இல்லீங்க, ரிட்டயர் ஆன ஒரு சிவில் இன்ஜினியர், அவர்கூட லைசென்ஸ் வச்சிருக்கற ஒரு சர்வேயர், டேப் பிடிக்க ஏணி தூக்க ஒரு தம்பி, அவ்ளோதான். கிழக்கு தாம்பரத்துல ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடில ஆபீஸ். இருக்கற வேலையே முடிக்க முடியல, பேரை எங்கயும் போடாதீங்கன்னு சாரே கேட்டுக்கிட்டதால போடல. நிலம் அளக்கறது, கட்டடம் செக் பண்றது ரெண்டுக்கும் சேர்த்து எங்ககிட்ட வாங்கினது 18,000. தனித்தனியா ஆள் பிடிச்சா கொஞ்சம் கம்மியா முடிஞ்சிருக்கும், ஆனா நாங்க குடுத்த காசுல பாதி டேப்புக்கு இல்ல, ரெண்டு பூட்டையும் ஒரே நாள்ல திறக்க வச்சதுக்குத்தான்.

வீடு மாடம்பாக்கம் பக்கம், ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடி, கீழ ஒரு வீடு மேல ஒரு வீடு. பத்திரம் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும், பட்டாவும் ரெண்டு பேர் பேர்ல. இப்ப ரெண்டு பேரும் சம்மதிச்சு டைவர்ஸ்க்கு மனு போட்டிருக்காங்க, வீட்டை வித்து ஆளுக்கு பாதி எடுத்துக்கறதா பேச்சு. கீழ் வீட்ல அந்த மேடம், அவங்க அம்மா, குழந்தை. மேல் வீட்ல யாரும் இல்ல, ஆனா அவர் பொருள் எல்லாம் அங்க இருக்கு, பூட்டு அவரோடது, சாவி பெங்களூர்ல அவர்கிட்ட. கீழ் சாவி வச்சிருக்கறவங்களுக்கும் மேல் சாவி வச்சிருக்கறவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, வக்கீல் மூலமாதான் எல்லாம். புரோக்கர் அவர்கிட்ட மட்டும்தான் பேசுவாரு, ஏன்னா கமிஷன் பேசினது அவர்கூட.

இந்த மாதிரி வீட்டுக்கு சர்வேயர் பிடிக்கறதே கஷ்டம்ங்க. நாங்க முதல்ல கேட்டவர் விஷயத்தை கேட்டதும் "குடும்பப் பிரச்சனை இருக்கற இடத்துக்கு நான் வர்றதில்ல சார்"னு போனை வச்சிட்டாரு. இன்னொருத்தர் ரோட்டு பக்கமும் பக்கத்து சந்துலயும் நின்னு அளந்து குடுத்துடறேன், உள்ள போகவே வேணாம்னாரு, உள்ள போகாம பின்பக்க சுவரை எப்படி அளப்பீங்கன்னு கேட்டா பதில் இல்ல. புரோக்கர் சொன்னதுதான் உச்சம், மேடம் ஆபீஸ் போனதுக்கு அப்புறம் பாட்டிகிட்ட ஏதாவது சொல்லிட்டு அரை மணி நேரத்துல அளந்துட்டு வந்துடலாம்னாரு. ஆள் குடியிருக்கற வீடுங்க அது! பத்திரத்துல பாதி அவங்களோடது. அப்படி நுழைஞ்சு எடுத்த அளவை வச்சுக்கிட்டு நாளைக்கு அவங்ககிட்டயே கையெழுத்து கேக்க எந்த முகத்தோட போறது?

இந்த இன்ஜினியர் சார் அப்படி இல்ல. அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடியே பேப்பர் கேட்டாரு. ஈசி (வில்லங்கச் சான்று), பட்டா, எஃப்எம்பி (நிலத்தோட அளவு போட்ட அரசாங்க வரைபடம்), இவங்க வாங்கின பத்திரம், அதுக்கு முந்தின தாய் பத்திரம், அப்ரூவ் ஆன பிளான். பட்டாவும் எஃப்எம்பியும் அரசாங்க இ-சேவை சைட்லயே கிடைக்குது, ஈசியும் பதிவுத்துறை சைட்ல பாத்துக்கலாம், அதனால அதுக்கு விக்கறவங்க தயவு வேண்டியதில்ல, பிளானும் தாய் பத்திரமும்தான் அவங்ககிட்ட வாங்கணும். அதுலயும் ஒரு விஷயம், ஈசில இவங்க ஹவுசிங் லோனுக்கு பத்திரத்தை பேங்க்ல வச்ச என்ட்ரி இருந்துச்சு, அப்போ ஒரிஜினல் யார்கிட்டயும் இல்ல, பேங்க்லதான். ஜெராக்ஸ் மேடம்கிட்ட ஒரு செட், அவர்கிட்ட ஒரு செட், ரெண்டையும் வாங்கி பக்கம் பக்கமா ஒப்பிட்டு பாத்தாரு சார்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்கு பிடிச்சது. "வீடு சம்பந்தமா கோர்ட் ஆர்டர் ஏதாவது இருக்கா, வக்கீல்கிட்ட எழுத்துல கேட்டு சொல்லுங்க, அதுக்கு அப்புறம்தான் தேதி." ஏன் சார், நீங்க அளக்கத்தானே போறீங்கன்னா, குடும்ப வன்முறை தடுப்புச் சட்டம் 2005ல பொண்ணுக்கு குடியிருக்கற உரிமைன்னு ஒண்ணு இருக்கு, பத்திரத்துல பேர் இல்லன்னா கூட உண்டு, வீட்டை விக்கக்கூடாதுன்னு கூட கோர்ட் தடை போட முடியும், அப்படி ஏதாவது இருந்தா நான் வந்து அளந்து உங்க காசுதான் தண்டம்னாரு. எங்க வக்கீலும் அதையேதான் சொன்னாங்க. பாகப்பிரிவினை மாதிரி அந்த சொத்து மேலயே கேஸ் ஓடிட்டிருக்கும்போது வாங்கினா கேஸ் முடிவு வாங்கினவனையும் கட்டுப்படுத்தும், சொத்து மாற்றுச் சட்டம் 52வது பிரிவு. அந்த கேஸ் ஈசில தெரிஞ்சே ஆகணும்னு ஒண்ணும் கிடையாது. அதனால இ-கோர்ட்ஸ் சைட்ல ரெண்டு பேர் பேரையும் போட்டு தேடினாங்க. டைவர்ஸ் மனு மட்டும்தான் இருந்துச்சு, தடை எதுவும் இல்ல.

இங்க ஒரு சின்ன விளக்கம், நிறைய பேர் குழம்பறாங்க. நம்ம ஊர்ல கல்யாணம் ஆனதாலேயே வீட்ல தானா பாதி வந்துடாது, பத்திரத்துல யார் பேரோ அவங்கதான் ஓனர். இங்க ரெண்டு பேர் பேர் இருக்கறதால ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், இல்லன்னா பதிவு பண்ணின பவர் பத்திரம் வேணும். ஹிந்து திருமணச் சட்டம் 13பி படி சம்மத டைவர்ஸ்ல முதல் மனுவுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல 6 மாசம் இருக்கு, 2017ல சுப்ரீம் கோர்ட் அந்த காத்திருப்பு கட்டாயம் இல்ல, கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு சொல்லிடுச்சு, ஆனா அந்த இடைவெளியில யாராவது ஒருத்தர் சம்மதத்தை வாபஸ் வாங்கிக்கலாம். வீடு விக்கற பேச்சே அந்த சம்மதத்து மேல நிக்கறதால வாங்கறவனுக்கு அதுதான் பெரிய பயம். நாங்க அட்வான்ஸை சின்னதா வச்சதுக்கு காரணமும் அதுதான்.

சரி, தேதிக்கு வரேன். ரெண்டு பேரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்ல போட்டு பேசிடலாமான்னு நான் கேட்டேன், சார் கைய எடுத்து கும்பிட்டாரு. அவர் பண்ணது என்னன்னா ஒரே மெசேஜ், ஒரு வார்த்தை கூட மாத்தாம, ரெண்டு பேருக்கும் தனித்தனியா, ஒரே நேரத்துல. யார் வருவாங்க, என்னென்ன ரூம் பாப்போம், போட்டோ எது எடுப்போம் எது எடுக்க மாட்டோம் (ஆளுங்க, குழந்தை, அலமாரி உள்பக்கம் எடுக்க மாட்டோம்), எவ்ளோ நேரம் ஆகும், நீங்க வர முடியலன்னா உங்க சார்பா யாரை வேணா அனுப்பலாம், சம்மதம்னா "சம்மதம்"னு பதில் போடுங்க. ரெண்டு பதிலும் வந்தா மட்டும்தான் வருவாரு. ஒருத்தர் போட்டு இன்னொருத்தர் போடலன்னா தேதி கேன்சல், யார் போடலன்னு மத்தவர்கிட்ட சொல்லவும் மாட்டாரு. முதல் தேதி அப்படித்தான் கேன்சல் ஆச்சு, யாரால போச்சுன்னு எங்களுக்கே இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

நாங்க ஞாயித்துக்கிழமைதான் லீவுன்னு அதையே கேட்டோம். ஞாயித்துக்கிழமை அவர் குழந்தைய பாக்க வர்ற நாள், அன்னிக்கு வேணாம்னு சாரே மேடம்கிட்ட பேசி தெரிஞ்சுக்கிட்டு புதன்கிழமை காலைல போட்டாரு, குழந்தை ஸ்கூல்ல இருக்கும், பாட்டிக்கு சாமி ரூம்ல வேலை முடிஞ்சிருக்கும். எங்க லோனுக்கு வீட்டோட மதிப்பு போட பேங்க் அனுப்பற வேல்யூவரையும் அதே புதன்கிழமைக்கே வரவச்சோம், ஒவ்வொருத்தரா தனித்தனி நாள் வந்து பெல் அடிச்சா அந்த வீட்ல யாருக்குத்தான் பொறுமை இருக்கும் சொல்லுங்க. இது ரொம்ப முக்கியம், பேங்க் வேல்யூவரும் உள்ள போய் பாக்கணும், அவர் உள்ள போக முடியலன்னா ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடுவாரு, லோன் அங்கயே நிக்கும்.

அன்னிக்கு மேடமோட புருஷன் வரல, அவரோட தம்பி மேல் வீட்டு சாவியோட வந்தாரு, லேட்டா. அதுவரைக்கும் கீழயும் நிலமும் பாத்தாங்க. சர்வேயர் முதல்ல கல்லை தேடினாரு. எஃப்எம்பில காட்டியிருக்கற மூலைல கல்லு இருக்கான்னு மண்ணை கிளறி பாத்தாரு, தென்கிழக்கு மூலைல கிடைச்சுது, மத்ததெல்லாம் வீடு கட்டும்போது போயிருக்கும்னாரு. அங்கேர்ந்து பிடிச்சு அளந்தாரு. எஃப்எம்பில மீட்டர், பட்டால ஹெக்டேர் ஏர்ஸ், பத்திரத்துல அடி, மூணையும் மாத்தி மாத்தி கணக்கு போட்டு ஒரே ஷீட்ல எழுதறதுதான் இவங்க வேலை. (ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அப்போ ஒரு கிரவுண்ட் அஞ்சரை சென்டுக்கு ஒரு நூல் வித்தியாசம்தான். புரோக்கருங்க சொல்ற சென்ட் கணக்கை இத வச்சு சரி பாருங்க.)

பத்திரத்துல 40க்கு 60. முன்பக்கம் 40 சரியா இருந்துச்சு, நீளமும் சரி, பின்பக்கம் 39 அடி 3 இன்ச்தான் வந்துச்சு. பின் வீட்டுக்காரர் பக்கத்து மூலைல காம்பவுண்ட் சுவர் லேசா உள்ள வந்திருக்கு. கணக்கு போட்டா 22 சதுர அடி சொச்சம் குறையுது. பெரிய விஷயம் இல்லதான், ஆனா விக்கறவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாத நிலைமைல "குறையுது"ங்கற வார்த்தையே வெடி மாதிரி. வாங்கறவன் விலைய குறைக்க சொல்லித்தர்றான்னு ஒருத்தருக்கு தோணும், மத்தவர் ஆள் செட் பண்ணிட்டாருன்னு இன்னொருத்தருக்கு தோணும். சர்வேயர் அங்க நல்ல வேலை பண்ணாரு, அந்த பின்பக்கத்தை திரும்ப அளந்தாரு, இந்த தடவை டேப்போட ஒரு முனைய மேடம் அம்மா கைல குடுத்து இன்னொரு முனைய புருஷனோட தம்பி கைல குடுத்தாரு. ரெண்டு பேரும் படிச்சு சொன்ன அளவை எழுதி ரெண்டு பேர்கிட்டயும் ஷீட்ல கையெழுத்து வாங்கினாரு. அதுக்கு அப்புறம் அந்த 9 இன்ச் பத்தி யாரும் சண்டை போடல.

மேல் வீடு. கதவை திறக்கறதுக்கு முன்னாடியே சார் அந்த தம்பிகிட்ட கேட்டு வீடியோ ஆன் பண்ண சொன்னாரு, தம்பி போன்லயே. பூட்டு திறக்கறதுலேர்ந்து மறுபடி பூட்டற வரைக்கும் ஒரே வீடியோ, கட் பண்ணாம. அந்த ரூம்ல டிவி, பீரோ, கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு, நாளைக்கு ஏதாவது காணோம்னா முதல்ல நம்ம மேலதான் விழும். மேடம் மேல ஏறி வரல, அவங்களை கூப்பிடவும் இல்ல.

கட்டடத்துல என்ன பாத்தாங்கன்னா, ஈரம் பாக்கற மீட்டர் வச்சு சுவர் எல்லாம், கான்கிரீட்டை தட்டி பாக்கற ரீபவுண்ட் ஹேமர் வச்சு தூண் சிலது, மொட்டை மாடி தண்ணி வாட்டம் (ரெண்டு பக்கெட் ஊத்தி பாத்தாரு, மூலைல தேங்குச்சு), சம்ப், செப்டிக் டேங்க் மூடி, போர் மோட்டார், ஸ்விட்ச் போர்டு, எர்த். மேல் பாத்ரூம்லேர்ந்து கீழ கிச்சன் சீலிங்குக்கு தண்ணி இறங்குது, அங்க பூச்சு உப்பி கம்பி லேசா தெரியுது. இது எத்தனை வருஷமா இருக்கு, யார் சரி பண்ணாம விட்டதுன்னு தம்பிக்கும் பாட்டிக்கும் நடுவுல ஒரு சின்ன உரசல் ஆரம்பிச்சுது, "கசிவு இருக்கான்னு எழுதுவேன், யாராலன்னு எழுத என் ரிப்போர்ட்ல கட்டம் இல்லம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே அடுத்த ரூமுக்கு போயிட்டாரு. அப்ரூவ் ஆன பிளான்ல இல்லாத ஒரு ரூம் மேல பின்பக்கம் இருக்கு, சைடு இடைவெளிய தின்னுட்டு கட்டியிருக்காங்க, அதை பேங்க் வேல்யூவர்கிட்ட அங்கயே காட்டினாரு. வேல்யூ கொஞ்சம் குறையும்னு தெரிஞ்சே காட்டினாரு, மறைக்க சொல்லி புரோக்கர் கண்ணால ஜாடை காட்டினதையும் நான் பாத்தேன்.

இப்ப மைனஸ். மேல் வீட்டு கரன்ட் கனெக்‌ஷன் பில் கட்டாம கட் ஆகி கிடக்கு. அதனால மேல வயரிங் எதையும் டெஸ்ட் பண்ண முடியல. ரிப்போர்ட்ல "பார்க்கப்படவில்லை"ன்னு நேர்மையா எழுதியிருக்காரு, அதுல குறை இல்ல. ஆனா இது தேதி போடும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மெசேஜ்ல அவ்ளோ எழுதினவர் "கரன்ட் இருக்கா, தண்ணி இருக்கா"ன்னு ஒரு வரி சேத்திருக்கலாம். மேல் வீட்டு பில்லை யார் கட்டறதுன்னு அவங்களுக்குள்ள முடிவாகி, திரும்ப கனெக்‌ஷன் வந்து, அதுக்கு இன்னொரு விசிட், அதுக்கு தனியா 2,500. அப்புறம் ரிப்போர்ட் சொன்ன நாளுக்கு வரல, வந்ததும் முழுக்க இங்கிலீஷ்ல, எங்க அப்பாவுக்கு உக்காந்து படிச்சு சொல்ல வேண்டியதா போச்சு. ரிப்பேர் செலவுன்னு போட்டிருக்கறது ஒண்ணரை லட்சத்துலேர்ந்து மூணு லட்சம் வரைக்கும், இவ்ளோ அகலமா சொன்னா பேரம் பேச எப்படி உதவும். கொத்தனார் ஒருத்தரை தனியா கூட்டிட்டு போய் (திரும்ப ரெண்டு சம்மதம் வாங்கிட்டுத்தான்) கணக்கு கேட்டோம். ஒரு மார்க் போனது இதுக்கெல்லாம் சேர்த்து.

அரசாங்க அளவு பத்தியும் எழுதிடறேன், ஏன்னா தனியார் சர்வேயர் ஷீட் நம்ம திருப்திக்குத்தான், எல்லைத் தகராறுன்னு வந்தா பிர்கா சர்வேயர் அளவுதான் பேசும். 2023லேர்ந்து எஃப்-லைன் அளவுக்கு (அரசாங்க சர்வேயர் வந்து நிலத்து எல்லைய அளந்து காட்டறது) தமிழ்நிலம் சைட்லயே விண்ணப்பிக்கலாம், தாலுகா ஆபீஸ் வாசல்ல மனுவோட நிக்க வேண்டாம். ஆனா விண்ணப்பம் நிலத்து ஓனர் போடணும், வாங்கப்போற நாம போட முடியாது. இங்க ஓனர் ரெண்டு பேர், யார் போடறதுன்னு அதுக்கே ஒரு சுற்று பேச்சு. கடைசில மேடம் போட்டாங்க, அளக்கற தேதி மெசேஜ் அவங்க போனுக்குதான் வரும், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அன்னிக்கே அவர் வக்கீலுக்கு அனுப்பணும்னு எங்க அக்ரிமென்ட்லயே எழுதிட்டோம். பின் வீட்டுக்காரருக்கும் நோட்டீஸ் போச்சு, அவர் வந்து நின்னு சுவர் தாத்தா காலத்துது, இடிக்க மாட்டேன்னாரு. நாங்களும் இடிக்க சொல்லல, நிலத்துல இருக்கற உண்மையான அளவை பத்திரத்துல போட்டு அதுக்கு விலை கணக்கு பண்ணிட்டோம், அவ்ளோதான்.

அக்ரிமென்ட்னு சொன்னேன்ல, அதுல வீட்டுக்குள்ள போறது பத்தி ஒரு பத்தி முழுசா இருக்கு, சார் குடுத்த ஐடியா, வக்கீல் எழுதினாங்க. ரெண்டு நாள் முன்னாடி ரெண்டு பேருக்கும் எழுத்துல சொல்லணும். கீழ் சாவி இவங்க, மேல் சாவி இவர், வர முடியலன்னா யார் பதிலுக்கு வருவாங்கன்னு பேரோட. பூட்டை யாரும் சொல்லாம மாத்தக்கூடாது. பத்திரப்பதிவுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை ரெண்டு மாடியும் சுத்தி பாக்க விடணும், அன்னிக்கு மேல இருக்கற பொருள் எல்லாம் காலியாகி இருக்கணும். பழைய லோன் முடிஞ்சதும் ஒரிஜினல் பத்திரத்தை பேங்க்லேர்ந்து ரெண்டு பேரும் சேர்ந்து போய் வாங்கி நேரா எங்க பேங்க்ல குடுக்கணும். (லோன் முழுசா கட்டினா 30 நாளைக்குள்ள பத்திரத்தை திருப்பி குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2023ல உத்தரவு போட்டிருக்கு, லேட் ஆனா ஒரு நாளைக்கு 5,000 அந்த பேங்க் குடுக்கணும், கேட்டு வாங்குங்க.) விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா 1 சதவீதம் டிடிஎஸ் (விக்கறவங்களுக்கு குடுக்கற காசுலேர்ந்தே பிடிக்கற வருமான வரி) பிடிச்சு கட்டறதும் ரெண்டு பேர் பான் நம்பர்லயும் தனித்தனியா, ஒருத்தர் பங்கு 50க்கு கீழதானேன்னு புரோக்கர் சொன்னா நம்பாதீங்க, 2024 அக்டோபர்லேர்ந்து மொத்த விலையத்தான் பாப்பாங்க.

யாருக்கு இந்த டீம் செட் ஆகும்னா, அண்ணன் தம்பி தகராறு, பிரியற தம்பதி, இப்படி ரெண்டு பேர் கைல சாவி இருக்கற வீடு வாங்கறவங்களுக்கு கண்ண மூடிட்டு சொல்லுவேன். ஒரே ஓனர், காலி வீடுன்னா இவ்ளோ செலவு தேவையில்ல, ஒரு நல்ல சர்வேயரும் தெரிஞ்ச இன்ஜினியரும் போதும். ஆபீஸ் சாயங்காலம் 6 மணிக்கு மேலதான் திறக்கும், பகல்ல ஃபீல்டு. வாய்ஸ் நோட் அனுப்பினா கேக்க மாட்டாரு, எழுத்துலதான் வேணும்பாரு. போகும்போது அப்ரூவல் பிளான் ஜெராக்ஸை ஏ3 சைஸ்ல எடுத்துட்டு போங்க, ஏ4ல கொண்டு போனா கீழ் கடைல போய் திரும்ப எடுத்துட்டு வர சொல்லுவாரு.